கஞ்சிக் கொப்பரை

தாமிரபரணியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களோ கரையோர மணலில் குழி தோண்டி, அதில் ஊறி வந்த தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குளிக்க வந்த பாளையங்கோட்டைக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏ தாயி, ஆறு ஒன் கண்ணுல படலையா?" என்று ஒருவர் கேட்டார்.

குழிக்குள் நின்ற பெண் நிமிரவில்லை. "ஓடுத தண்ணியில மேக்க எவன் காலக் கழுவுனானோ" என்றாள்.

அவர்கள் திசையன்விளைக்குத் தெற்கே தேரிக்காட்டிலிருந்து வந்தவர்கள். ஊற்றுத் தண்ணீர் தவிர வேறு தண்ணீரை நம்பிப் பழக்கமில்லை. இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் எங்கள் ஜில்லாவில் இரண்டு சாதிகளுக்குள் நடந்த கலகத்தில் அவர்கள் ஊர் எரிந்தது. தாக்க வந்தவர்கள் வேல்கம்பும் வெட்டரிவாளும் இரண்டு நாட்டுத் துப்பாக்கியும் கொண்டு வந்தார்கள். ஊர்க்காரர்களிடமும் ஆயுதம் இருந்தது, ஆனால் போதவில்லை. சாதிப் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் பக்கம் பிரிந்துகொள்வார்கள். நான் சொல்லவிருப்பது ஒரு பக்கத்துக்குள்ளேயே நடந்தது.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு பருத்தி வியாபாரியிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகை வேலைக்குப் போனது பிற்பாடு. முதலாளி அந்த ஊர்க்காரர்களின் சாதி. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து இரண்டு தலைமுறை ஆன குடும்பம். பனங்காலத்தில் அவர்களிடமிருந்து கருப்பட்டியும் வாங்குவார். ஓடிவந்த குடும்பங்கள் நேரே அவர் வாசலில் வந்து நின்றன. தம் பருத்திக் கிட்டங்கியை ஒழித்துக் கொடுத்தார். நாளுக்கு ஒரு வேளைக் கஞ்சிக்கும் ஏற்பாடு செய்தார். அரிசியும் கேப்பையும் அளந்து போடுவது என் பொறுப்பு.

கிட்டங்கி பெரியது, கூரை ஓடு. ஆனாலும் அவர்கள் உள்ளே படுக்கவில்லை. வெளியே முற்றத்தில், பனியில் படுத்தார்கள். கதவைச் சாத்தினால் சண்டைக்கு வந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டால், கல்யாண வீட்டு வேட்டாக இருந்தாலும், குழந்தைகள் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியவர்கள் தங்களுக்குள் கேலி பேசிக்கொண்டார்கள், அதுவும் இரக்கமில்லாத கேலி. அரிவாள் வெட்டில் காது போன ஒருவரிடம், "மாமா, ரகசியம் ஒண்ணு, எந்தப் பக்கம் சொல்ல?" என்பார்கள். அவரும், "வாடகைக்கு ஒரு காது வாங்கிட்டு வாரேன், பொறு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். முதலில் எனக்கு அருவருப்பாக இருந்தது. கொஞ்ச நாள் போனதும் அது பழகிவிட்டது. அழுகிறவர்களோடு அவர்கள் பேசுவதில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அழுகிற ஆளின் பக்கத்திலிருந்து பைய எழுந்து போய்விடுவார்கள்.

மண்பானைகளில் கஞ்சி காய்ச்சினோம், போதவில்லை. முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு நாங்குநேரிச் சந்தைக்குப் போனார். ஒரு பழைய பாத்திர வியாபாரியிடம் பெரிய செம்புக் கொப்பரை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் செம்புக் காது, மறுபக்கம் இரும்புக் காது. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தது. செம்பின் எடைக்குக்கூட வராத விலை சொன்னான். எங்கிருந்து வந்தது என்று முதலாளி கேட்டார்.

"வீட்டுச் சாமான் அண்ணாச்சி, கஷ்டப்பட்டவுக வித்தது" என்றான்.

முதலாளி மேற்கொண்டு கேட்கவில்லை. வண்டியில் வரும்போது, "ஏழைகளுக்குன்னு கர்த்தர் காட்டிக் குடுத்திருக்காரு" என்றார். அவர் நல்ல மனிதர், அதை நம்பித்தான் சொன்னார்.

மறுநாள் கிட்டங்கி முற்றத்தில் மூன்று கல் கூட்டிக் கொப்பரையை ஏற்றினோம். அதன் அளவுக்கு நெருப்பும் பெரிதாக வேண்டும். வாழ்நாளெல்லாம் பதனி காய்ச்சிய பெண்கள்தான், ஆனால் அந்த நெருப்பை மூட்ட ஒருத்தியும் வரவில்லை. நானே ஓலையைக் கொளுத்தி வைத்தேன். தீ எழும்பியதும் கூட்டம் பின்வாங்கியது. ஒருத்தி மட்டும் முன்னால் வந்தாள். முப்பதுக்குள்தான் இருக்கும், இடுப்பில் ஒரு ஆண் குழந்தை. கொப்பரையைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். இரும்புக் காதைத் தொட்டாள், குனிந்து அடியைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த துடுப்பை வாங்கிக் கிண்டத் தொடங்கினாள். 

அவளைப் பற்றி மற்றப் பெண்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவள் காதுபடவே, ஏதோ சமையல் குறிப்புச் சொல்வதுபோலச் சொன்னார்கள். ஊர் எரிந்த அன்று அவள் கணவன் வேலியோரத்தில் வெட்டுப்பட்டு விழுந்தான். அவள் கைக்குழந்தையையும் நாலு வயதுப் பெண்ணையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஊருக்குக் கிழக்கே உடைமுள் வேலி, அதில் ஒரே ஒரு இடைவெளி, அங்கே ஒரு ஓடை. இரண்டு பிள்ளைகளோடும் ஓடையைத் தாண்ட முடியவில்லை. பெண்பிள்ளையை இந்தக் கரையில் இறக்கி வைத்து, அதன் தலைக்கு மேலே காலை வீசித் தாண்டினாள். அந்தக் கரையில் கைக்குழந்தையை வைத்துவிட்டுத் திரும்பி எடுக்கலாம் என்று நினைப்பு. பின்னாலிருந்து ஊரே ஓடி வந்தது. வழி அது ஒன்றுதான். சிறுமி இடிபட்டு மண்ணில் விழுந்து கிடந்தாள். ஓடி வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டினார்கள். எல்லோரும் தாண்டவில்லை, சிலர் மிதித்தார்கள். மறுநாள் போலீசார் உடலை எடுத்தபோது அந்தப் பிள்ளையின் மேல் வெட்டுக்காயம் எதுவும் இல்லை.

இதைச் சொன்ன பெண்கள் யார் மிதித்தார்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலைந்து நாள் கழித்துக் கஞ்சி ஊற்றி முடிந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"கணக்கப்பிள்ள, அண்ணாச்சிகிட்ட ஒரு சொல்லு சொல்லணும். இந்தக் கொப்பர என்னுது."

எப்படித் தெரியும் என்றேன்.

"எங்கய்யா கல்யாணத்துக்குக் குடுத்த சீரு. செம்புக் காது ஒடிஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரரு வண்டிப் பட்ட இரும்ப வளைச்சு இந்தக் காத அடிச்சுப் போட்டாரு. பங்குனி பொறந்தா பதனி வந்துரும். கொப்பர இருந்தா எந்தப் பனவெளையிலயும் பங்குக்குக் காய்ச்சி இந்தப் பிள்ளைய வளத்துருவேன். இல்லைன்னா நான் வெறுங்கை. கேசு வேண்டாம், போலீசு வேண்டாம். கஞ்சிக் காலம் முடியவும் தந்தாப் போதும்."

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை, மற்ற எல்லோருக்கும் தெரிந்தது. கொள்ளைபோன சாமான் யார் வீட்டில் அகப்பட்டாலும் அவர் மேல் வழக்கு என்று போலீஸ் இன்ஸ்பெக்டர் தமுக்கடித்துச் சொல்லியிருந்தார். கலக வழக்குக்கு வக்கீல் வைத்திருந்தவர் என் முதலாளி. ஊர்க்காரர்களின் சாட்சியைத் திரட்டியவரும் அவர்தான். அவர் முற்றத்திலேயே கொள்ளைப் பாத்திரம் என்றால் எதிர்க்கட்சி வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? வழக்கு கெடும், முதலாளி கோர்ட்டுக் கச்சேரி ஏறுவார், கஞ்சி நின்றுபோகும்.

நான் முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. மறைக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. "உண்மை தெரிஞ்சாகணும். அவ சாமான்னா நானே இன்ஸ்பெக்டர்கிட்ட கொண்டுபோய் ஒப்படைக்கேன், வாரது வரட்டும்" என்றார். நேர்மையான பேச்சுத்தான். அப்போதும் கொப்பரை தொண்டிச் சாமானாக, வழக்குத் தடயமாக, கச்சேரிக்குத்தான் போகும், அவள் கைக்கு வராது. அது அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கிட்டங்கி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் கூடினார்கள். கொப்பரை நடுவில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"ஊர்க்காரங்க சொல்லுங்க. இத முன்ன பின்ன பாத்திருக்கியளா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவள் கணவனின் அண்ணன் எழுந்தார். ஊருக்குப் பெரியதனக்காரர் அவர்தான். கலகத்தில் அவர் தோளில் பட்ட வெட்டு இன்னும் ஆறியிருக்கவில்லை.

"செம்புக் கொப்பரைன்னா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும் அண்ணாச்சி. புருசனயும் பிள்ளையயும் பறிகுடுத்தவ. புத்தி ஒரு நெலையில இல்ல. நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க."

"எம் புத்தி நல்லாத்தான் இருக்கு அத்தான்" என்றாள் அவள். "ஒங்க வீட்டுப் பதனி எதுல காஞ்சுது? போன ஆடியில கூட மயினிதான் கடன் வாங்கிட்டுப் போச்சு. மயினி, நீ சொல்லேன்."

பெரியதனக்காரரின் மனைவி தலையைக் குனிந்து தன் மகளின் தலையில் பேன் பார்க்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, ஒனக்கு ஒரு கொப்பர, எங்களுக்கு ஒரு வேளக் கஞ்சி. எதுட்டி பெருசு?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. முதலாளி திரும்பிப் பார்த்தார். யார் என்று தெரியவில்லை.

அவர் தம் பைபிளை எடுத்து மடியில் வைத்தார். "இதைத் தொட்டுச் சொல்லுதியாம்மா?"

"அவ வேதக்காரி இல்ல அண்ணாச்சி" என்றார் பெரியதனக்காரர். "பொஸ்தகத்துல அடிச்சா அவளுக்கு ஒறைக்காது. எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. பெத்த பிள்ளைய மண்ணுல கெடத்தித் தாண்டிட்டுச் சொல்லட்டும். பொய்யின்னா பிள்ளைக்கு ஆகாது. மெய்யின்னா ஒண்ணும் ஆகாது. அவ தாண்டிட்டாளா, அவ கொப்பரதான். ஊரே ஒத்துக்கிடும்."

அந்த வழக்கம் எங்கள் ஜில்லாவில் எல்லா ஊரிலும் உண்டு. பிள்ளையைப் போட்டுத் தாண்டிய சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. வேதக்காரர்கள்கூட அதற்குப் பயப்படுவார்கள். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒரு தாய் பொய்க்காகத் தன் பிள்ளையைத் தாண்டமாட்டாள் என்பது அவருக்கும் சரியாகப் பட்டிருக்கவேண்டும். அந்த உடைமுள் வேலிக் கதை அவருக்குத் தெரியாது. சரி என்று தலையசைத்தார்.

கூட்டம் அசையவில்லை. அதுவரை இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

அவள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி மண்ணில் கிடத்தினாள். அது உடனே புரண்டு எழுந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி கிடத்தினாள். இந்தத் தடவை அது படுத்தபடியே தாயைப் பார்த்துக் கையை ஆட்டியது. அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வலது காலை எடுத்தாள். அந்தக் கால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. பிறகு பின்னாலேயே வந்து ஊன்றியது. இன்னொரு தடவை முயன்றாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.  குனிந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள்.

"என்னால ஏலாது அண்ணாச்சி."

"அப்படின்னா ஒன்னுது இல்லன்னுதான அர்த்தம்?"

"என்னுதுதான். தாண்டத்தான் ஏலாது."

"பாத்தீளா?" என்றார் பெரியதனக்காரர், கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் அவரைப் பார்க்கவில்லை.

முதலாளி எழுந்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவள் மேல் கோபப்படவில்லை. "துக்கத்துல சொல்லுதா. யாரும் அவளை ஒண்ணும் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை பெரியதனக்காரரின் தோள் காயத்துக்கு மருந்து வைக்க அவரை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியில் நானாகக் கேட்டேன்.

"அது அவளுடைய கொப்பரைதானே?"

"அவ கொப்பரதான். அந்த இரும்புக் காது அடிக்கும்போது குறடு பிடிச்சவன் நான்."

"பின்னே ஏன் அந்தச் சத்தியத்தைக் கேட்டீர்?"

"வேற எதக் கேட்டாலும் செஞ்சிருப்பாளேவே" என்றார். அதில் மறைக்க எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. "சூடத்த அணைச்சிருப்பா. கொதிக்க எண்ணெயில கையிடச் சொன்னாலும் இட்டிருப்பா. அவ கெட்டிக்காரி. இது ஒண்ணுதான் அவளால ஏலாது."

சிறிது தூரம் போனபின், "அந்தப் பிள்ளைய நானும்தான் தாண்டுனேன். என் தம்பி மக. ரெண்டு கண்ணும் தொறந்துதான் கெடந்துச்சு" என்றார். மருந்து வைக்கும்போது அவர் முனகக்கூட இல்லை.

அதன் பிறகும் அவள்தான் கஞ்சி கிண்டினாள். வேறு யாரும் அந்தத் தீயின் பக்கம் வரமாட்டேன் என்றார்கள். அவளுக்குக் 'கொப்பரைக்காரி' என்று பெயர் விழுந்தது. மண்சட்டியை நீட்டிக்கொண்டு வரிசையில் வருகிற பெண்கள், "ஒங் கொப்பரையில எனக்கு ஒரு அகப்ப கூட ஊத்துட்டி" என்பார்கள். "ஜமீந்தாரிச்சி, கொஞ்சம் உப்புப் போடு" என்பார்கள். முதலாளி சொன்னதற்காக யாரும் அவளைத் திட்டவில்லை. முதலில் அவள் பதில் சொல்லாமல் ஊற்றினாள். சில வாரம் போனதும், "காதில்லாத மாமனுக்கு அரை அகப்பதான். கேக்கவா போறாரு" என்று அவளும் பேசத் தொடங்கினாள். அன்றைக்கு வரிசை முழுதும் சிரித்தது. ஒரு கிழவி அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அதற்கு அடுத்த நாளிலிருந்து மற்றப் பெண்கள் அவளோடு சேர்ந்து ஊற்றுத் தண்ணீருக்குப் போனார்கள்.

எந்த வழக்குக்காக அந்தச் சத்தியம் கேட்கப்பட்டதோ அந்த வழக்கு நடக்கவில்லை. இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் டவுணில் ஒரு வக்கீல் வீட்டில் உட்கார்ந்து ராசி பேசிக்கொண்டார்கள். சாட்சிகள் ஒவ்வொருவராக, தாங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். பெரியதனக்காரரும் கொடுத்தார். தோளில் வெட்டுப்பட்டது பனையிலிருந்து விழுந்ததால் என்று ஆயிற்று. ஊரில் சர்க்கார் போலீசைக் கொண்டுவந்து நிறுத்தியது. அமைதி திரும்பிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அப்படி எழுதுவதைத் தவிர வேறென்ன எழுதமுடியும் என்பது பிற்காலத்தில் அந்த வேலையைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது.

மாசிக் கடைசியில் அவர்கள் புறப்பட்டார்கள். பனையில் பாளை வெடிக்கும் காலம் நெருங்கிவிட்டது. முதலாளி மாட்டுவண்டிகள் பிடித்துக் கொடுத்தார். எல்லோரையும் நிறுத்தி ஜெபம் செய்தார். பிறகு கொப்பரையைத் தூக்கிவரச் சொன்னார்.

"இது ஒங்க ஊருக்கு என்னோட காணிக்க. கஷ்ட காலத்துல ஒங்களுக்குச் சோறு போட்ட பாத்திரம். ஊர்ப் பொதுவா வச்சுக்கிடுங்க."

பெரியதனக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஊர்ப் பொது என்றால் அவர் பனைவிளையில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் கூட்டத்தின் ஓரத்தில் குழந்தையோடு நின்றிருந்தாள். அவர் அவளிடம் போய், எல்லோரும் கேட்கச் சொன்னார்: "நீயே வந்து காய்ச்சு. ஒங் கைப்பக்குவம் எவளுக்கும் வராது. கூலி தாரேன். பிள்ளைக்குக் கருப்பட்டியும் தாரேன்."

 ஊருக்குப் போகாமல் பாளையங்கோட்டையில் நெல் குற்றிப் பிழைக்கலாம் என்று நான் முந்தின நாள் அவளிடம் சொல்லியிருந்தேன். முதலாளி வீட்டில் வேலையும் கேட்டு வைத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சரி அத்தான்" என்றாள்.

கடைசி வண்டியில்தான் இடம் இருந்தது. அதிலும் கொப்பரை பாதியை அடைத்துக்கொண்டது. மீதியில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஏறி, குழந்தையை எங்கே வைப்பது என்று பார்த்தாள். உள்ளேயிருந்து பெரியதனக்காரரின் மனைவி சொன்னாள்:

"என்னட்டி முழிச்சுக்கிட்டு நிக்க? ஒங் கொப்பரதான. உள்ள தூக்கி வையி."

 முதலில் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். வண்டிக்காரன் என்னவென்று புரியாமல் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தான். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, முந்தானையை மடித்துக் கொப்பரைக்குள் விரித்து, குழந்தையை உள்ளே உட்கார வைத்தாள். அது இரண்டு கையாலும் செம்பைத் தட்டியது. பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.